ஒரகடத்துப் பாக்கி

சிங்கப்பெருமாள் கோயிலிலிருந்து ஸ்ரீபெரும்புதூர் போகும் சாலையும் வண்டலூரிலிருந்து வாலாஜாபாத் போகும் சாலையும் குறுக்காகச் சந்திக்கும் இடம் ஒரகடம். ஷிஃப்ட் மாறும் நேரத்தில் அங்கே சாலையைக் கடப்பதற்குப் பொறுமை வேண்டும். கம்பெனி பஸ்கள் ஒன்றன்பின் ஒன்றாக ஊர்ந்துகொண்டிருக்கும். நடுவில் புத்தம்புதுக் கார்களை இரண்டு அடுக்காக ஏற்றிய டிரெய்லர் லாரி ஒன்று திரும்ப இடம் தேடித் திணறும். அந்தக் கார்களில் பல எண்ணூருக்குப் போகின்றன. காமராஜர் துறைமுகத்தில் கப்பலேறி, நாம் வரைபடத்தில் தேட வேண்டிய நாடுகளில் போய் இறங்கும்.

இந்தச் சாலையை ஒட்டிய ரெனோ-நிசான் ஆலையின் பெயரால்தான் 2017இல் இந்திய அரசு பன்னாட்டு நடுவர் மன்றத்தில் நிற்க நேர்ந்தது. ஆலையைக் கட்டச் சொல்லி அழைத்தது தமிழ்நாட்டு அரசு. சலுகை தருவதாகக் கையெழுத்திட்டதும் அதுவே. தொகை வந்து சேரவில்லை என்று நிசான் வழக்குத் தொடுத்தபோது எதிர்த்தரப்பில் எழுதப்பட்ட பெயர் இந்தியா. கேட்ட தொகை ரூ.5,000 கோடிக்கு மேல். ஜப்பானிய நிறுவனம் ஒன்று இந்தியாவை முதலீட்டு ஒப்பந்தத்தின் கீழ் நடுவர் மன்றத்துக்கு இழுத்தது அதுவே முதல்முறை.

ஒரு மாநிலம் கார் ஆலையைக் கூப்பிடும்போது எதைக் கொடுக்கிறது, அதை யார் கணக்கிலிருந்து கொடுக்கிறது என்பதைப் பார்க்க இதைவிட நல்ல நிகழ்வு நம்மிடம் இல்லை.

ஆலை வந்த வழி

சென்னைக்கு வாகனத் தொழில் புதிதன்று. எண்ணூரில் அசோக் மோட்டார்ஸ் 1948இலேயே வந்துவிட்டது. பின்னர் அது அசோக் லேலண்ட் ஆயிற்று. திருவொற்றியூரில் என்ஃபீல்டு, பாடியில் டி.வி.எஸ். குழுமத்தின் பட்டறைகள், அம்பத்தூரில் அவற்றைச் சுற்றி முளைத்த சிறு தொழிற்கூடங்கள் என்று ஒரு தலைமுறைக்கு முன்பே கியர், பிஸ்டன், பிரேக் செய்யத் தெரிந்த கைகள் இங்கே இருந்தன. 1990களின் நடுவில் ஃபோர்டு மறைமலை நகருக்கும், 1996இல் ஹூண்டாய் இருங்காட்டுக்கோட்டைக்கும் வந்தன. ஃபோர்டைப் பிடிக்க மகாராஷ்டிரமும் முயன்றது. மாநிலங்கள் வரிச்சலுகையை ஏலம்போல் ஏற்றிவிடும் பழக்கம் அப்போதே தொடங்கிவிட்டது.

2007 பிப்ரவரியில் மகிந்திரா, ரெனோ, நிசான் மூன்றும் சேர்ந்து ஒரகடத்தில் ஆலை அமைக்கத் தமிழ்நாட்டு அரசுடன் புரிந்துணர்வு ஒப்பந்தம் செய்தன. அடுத்த ஆண்டே மகிந்திரா விலகிக்கொண்டது. மீதமிருந்த இரண்டும் 2008 பிப்ரவரியில் ரூ.4,500 கோடி முதலீட்டுக்குப் புதிதாகக் கையெழுத்திட்டன. ஆண்டுக்கு 4 லட்சம் கார் செய்யும் ஆலை. 2010 மார்ச்சில் திறப்பு விழாவும் நடந்துவிட்டது. வெறும் நிலமாக இருந்த இடத்தில் இரண்டே ஆண்டுகளில் கார் ஓடி வந்தது என்றால், நிலம் எடுப்பு, மின்சாரம், தண்ணீர், சாலை எல்லாவற்றிலும் அரசு ஊழியர்கள் தூங்கவில்லை என்று பொருள். அந்தப் பாராட்டை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். பின்னால் சொல்லப்போவதெல்லாம் குறையாக இருக்கும்.

அதே 2008இல் மேற்கு வங்கத்தின் சிங்கூரிலிருந்து டாடா நானோ ஆலை குஜராத்தின் சாணந்துக்கு இடம்பெயர்ந்தது. அதற்குக் குஜராத் அரசு ஆண்டுக்கு 0.1 சதவீத வட்டியில் ரூ.9,570 கோடி வரை கடன் தர ஒப்புக்கொண்டது என்ற செய்தி நாடு முழுவதும் பேசப்பட்டது. பக்கத்து வீட்டில் இப்படி விருந்து வைத்தால் நம் வீட்டில் ரசம் சாதம் போட முடியுமா? ரூ.4,000 கோடிக்கு மேல் முதலிடும் ஒருங்கிணைந்த வாகன ஆலைகளுக்கென்றே தமிழ்நாடு 2007இல் தனிக் கொள்கை வகுத்திருந்தது. ரெனோ-நிசானுக்குக் கிடைத்த சலுகைகள் அந்த வழியில் வந்தவை. அவற்றின் நடுநாயகம், நிறுவனம் கட்டும் விற்பனை வரியை அதற்கே திருப்பிக் கொடுப்பது.

ஐந்து லட்ச ரூபாய்க் கார்

இந்தத் திருப்பிக் கொடுத்தல் எப்படி நடக்கும் என்பதைக் கொஞ்சம் கிட்டத்தில் பார்க்கலாம். கணக்கு எளிதாக இருக்கட்டும் என்று ஒரு காரின் விலை ரூ.5 லட்சம் என்று வைத்துக்கொள்வோம். ஆண்டு 2014, ஜி.எஸ்.டி. இன்னும் வரவில்லை.

அந்தக் கார் மதுரை டீலருக்குப் போனால் 14.5 சதவீத மதிப்புக்கூட்டு வரி, அதாவது ரூ.72,500. பாகங்கள் வாங்கியபோது ஏற்கெனவே கட்டிய வரியைக் கழித்துக்கொண்டு மீதியை நிறுவனம் அரசுக்குக் கட்டும். அதே கார் புனே டீலருக்கு நேரடியாக விற்கப்பட்டால் தமிழ்நாட்டுக்கு 2 சதவீத மத்திய விற்பனை வரி, ரூ.10,000 மட்டுமே கிடைக்கும். எண்ணூரில் கப்பலேறினால் விற்பனை வரியே கிடையாது. மாறாக, அந்தக் காருக்காகப் பாகங்கள் வாங்கியபோது கட்டிய வரியை அரசுதான் நிறுவனத்துக்குத் திருப்பித் தர வேண்டும்.

நிசான் இங்கே விற்றதைவிட ஏற்றுமதியில்தான் பெயர் வாங்கியது. 2022இல் இந்தியாவிலிருந்து அதன் ஏற்றுமதி 10 லட்சம் கார்களைத் தாண்டியது. ஆக, ஆலை எவ்வளவு நன்றாக ஓடுகிறதோ, மாநிலத்துக்கு நேரடி வரியாக வருவது அந்த அளவுக்கு உயர்ந்துவிடாது. வேலை, துணைத்தொழில், துறைமுக வருமானம் என்று வேறு வழிகளில் பலன் வரலாம். ஆனால் வரித்துறைக் கணக்கில் ஒரு ஏற்றுமதிக் கார் என்பது வரவன்று, செலவு.

திரும்பக் கொடுக்கும் திட்டத்தை ஆதரிப்பவர்கள் எப்போதும் சொல்வது ஒன்றுதான்: ‘ஆலை வந்ததால் கிடைத்த வரியைத்தானே கொடுக்கிறோம், கையை விட்டா கொடுக்கிறோம்?’ கேட்க நியாயமாக இருக்கிறது. இதில் இரண்டு ஓட்டைகள் உண்டு. மதுரையில் நிசான் வாங்கியவர், நிசான் இல்லையென்றால் ஹூண்டாயோ மாருதியோ வாங்கியிருப்பார். அந்த வரி கருவூலத்தில் தங்கியிருக்கும். இரண்டாவது ஓட்டைதான் பெரியது. நிறுவனம் கட்டும் வரி அரசின் தொகுப்பு நிதியில் போய் விழுந்து அன்றைய சம்பளத்துக்கும் ஓய்வூதியத்துக்கும் மானியத்துக்கும் செலவாகிவிடுகிறது. திருப்பிக் கொடுக்கும் நாள் வரும்போது அந்தப் பணம் தனியாக ஓர் உண்டியலில் காத்திருப்பதில்லை. அந்த ஆண்டின் வரவுசெலவுத் திட்டத்தில் புதிதாக ஒதுக்க வேண்டும். அதாவது, செலவே இல்லாத சலுகையாக விழா மேடையில் அறிவிக்கப்பட்டது, சில ஆண்டுகளில் நிதித்துறையின் மேசையில் கடனாக வந்து உட்கார்ந்துகொள்கிறது.

கையெழுத்திட்டது 2008இல் ஒரு ஆட்சி. பாக்கி பெரிதானபோது இருந்தது வேறு ஆட்சி. ஊரான் வீட்டு நெய் என்றால் கை தாராளமாகத்தான் இருக்கும். அடுத்த ஆட்சியின் நெய் என்றால் கேட்கவே வேண்டாம்.

கடிதங்கள்

2015இல் வர வேண்டிய தொகை வரவில்லை என்பது நிசானின் புகார். மாநில அதிகாரிகளிடம் பலமுறை கேட்டும் பலனில்லை. 2016 மார்ச்சில் நிறுவனத்தின் அப்போதைய தலைவர் கார்லோஸ் கோன் பிரதமர் மோடியிடமே உதவி கேட்டார். அதற்கும் பலனில்லை. அந்த ஆண்டு ஜூலையில் நிசானின் வழக்கறிஞர்கள் பிரதமருக்கு நோட்டீஸ் அனுப்பினார்கள். ஊக்கத்தொகைப் பாக்கி ரூ.2,900 கோடி, இழப்பீடாக ரூ.2,100 கோடி, வட்டியும் செலவும் தனி. தாங்களும் ரெனோவும் ரூ.6,100 கோடி முதலிட்டிருப்பதாகவும், நேரடியாகவும் மறைமுகமாகவும் 40,000 பேருக்கு வேலை தந்திருப்பதாகவும் நிறுவனம் சொன்னது.

‘மறைமுக வேலை’ என்பது ரப்பரைப்போல எவ்வளவு வேண்டுமானாலும் இழுபடும் சொல், அதை விட்டுவிடலாம். ஆனால் மற்ற இரண்டு எண்களையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். போட்ட முதல் ரூ.6,100 கோடி, பாக்கி என்று கேட்டது மட்டுமே ரூ.2,900 கோடி, முதலீட்டில் ஏறத்தாழப் பாதி. ஓர் ஆலையின் பாதி விலைக்கு நிகரான தொகையை மாநிலம் தர வேண்டியிருந்தது என்றால், இதைச் சலுகை என்று சொல்வதா, மாநிலத்தின் பங்கு முதலீடு என்று சொல்வதா? பங்கு என்றால் லாபத்தில் உரிமை உண்டு. இங்கே அதுவும் இல்லை.

நோட்டீசுக்குப் பிறகு மத்திய அதிகாரிகள், மாநில அதிகாரிகள், நிறுவனத்தார் என்று பன்னிரண்டுக்கும் மேற்பட்ட கூட்டங்கள் நடந்தன. பணம் வந்துவிடும், வழக்குக்குப் போக வேண்டாம் என்று பல அமைச்சகங்களிலிருந்து உறுதி கிடைத்ததாகச் செய்திகள் வந்தன. அந்தக் காலத்தில் கோட்டையில் நிலைமை எப்படி இருந்தது என்பதை நினைவூட்டத் தேவையில்லை. 2016 டிசம்பரில் ஜெயலலிதா மறைந்தார். அடுத்த சில மாதங்களில் முதலமைச்சர்கள் மாறினார்கள். ஒரு கார் கம்பெனியின் கோப்பு எந்த மேசையில் கிடந்தது என்று கேட்க யாருக்கும் நேரம் இருந்திருக்காது. 2017 ஆகஸ்டில் நிசான், உங்கள் தரப்பு நடுவரை நியமியுங்கள் என்று கெடு வைத்தது. அப்போதுதான் பணி ஓய்வு பெற்ற உச்ச நீதிமன்றத் தலைமை நீதிபதி ஜே.எஸ். கேஹரை இந்தியா நியமித்தது.

வழக்கில் ஏன் தமிழ்நாடு இல்லை? இந்தியாவுக்கும் ஜப்பானுக்கும் இடையிலான விரிவான பொருளாதாரக் கூட்டு ஒப்பந்தம் 2011 ஆகஸ்டில் நடைமுறைக்கு வந்தது. ஜப்பானிய முதலீட்டாளரை நியாயமாக நடத்துவதாக இந்தியா அதில் வாக்குக் கொடுத்திருக்கிறது. பன்னாட்டுச் சட்டத்தின் பார்வையில் மாநில அரசு செய்தாலும் மாநகராட்சி செய்தாலும் அது நாட்டின் செயலே. சென்னையில் வாங்கிய கடனுக்கு டெல்லியின் வாசலில் வந்து நிற்கிறார்கள் என்ற எரிச்சல் மத்திய அரசுக்கு இருந்திருந்தால் அதில் வியப்பில்லை.

ஜப்பான் நிறுவனம் என்பதால் நிசானுக்கு அந்த வாசல் திறந்திருந்தது. அதே ஆண்டில் அம்பத்தூரில் ஒரு சிறு பட்டறைக்காரருக்கு அரசு மானியம் நின்றுபோயிருந்தால் அவருக்கு எந்தக் கோனும் பிரதமரைப் பார்க்கப் போயிருக்க மாட்டார். மாவட்டத் தொழில் மையத்துக்கு நடந்திருப்பார். மிஞ்சினால் உயர் நீதிமன்றம். இந்த வழக்கைப் பற்றி எழுதியவர்கள் பெரும்பாலும் ‘முதலீட்டாளர் நம்பிக்கை’ குலைந்ததாகக் கவலைப்பட்டார்கள். நம்பிக்கை குலைந்த உள்ளூர்க்காரர்கள் எத்தனை பேர் என்று யாரும் எண்ணவில்லை.

இது வரி விவகாரம், ஒப்பந்தம் வரி விவகாரங்களுக்குப் பொருந்தாது என்பது இந்தியத் தரப்பின் வாதங்களில் ஒன்று. கேள்வி நுட்பமானதுதான். கட்டிய வரியின் அளவை வைத்துக் கணக்கிடப்படும் தொகை வரியா, அல்லது வரியை அளவுகோலாக மட்டும் கொண்ட ஒரு கடனா? மளிகைக் கடைக்காரர் அரிசியைப் படியால் அளந்து கடன் கொடுத்தால், கடன் அரிசியில்தான், படியில் அன்று. 2019 ஏப்ரலில் நடுவர் மன்றம், வழக்கை விசாரிக்கத் தனக்கு அதிகாரம் உண்டு என்று முடிவு சொன்னது. அதற்குமேல் இழுத்தால் என்ன ஆகும் என்பது இரு தரப்புக்கும் தெரிந்திருந்தது. இறுதித் தீர்ப்பு வருவதற்கு முன்பே, 2020இல், வழக்கு சமரசத்தில் முடிந்தது.

சிங்கூரின் கதை இப்படி முடியவில்லை என்பதையும் இங்கே சொல்லிவிடலாம். அங்கே 2023 அக்டோபரில் நடுவர் தீர்ப்பாயம், மேற்கு வங்கத் தொழில் வளர்ச்சிக் கழகம் டாடா மோட்டார்சுக்கு ரூ.765.78 கோடியும் அதற்கு 11 சதவீத வட்டியும் தர வேண்டும் என்றது. ஆலை ஒரு காரைக்கூடச் செய்து அனுப்பாத இடத்துக்கான விலை அது.

எது இழுத்தது, எது நிறுத்தியது

சலுகை இல்லையென்றால் ஆலை வந்திருக்காது என்பது தொழில்துறை அதிகாரிகளின் வழக்கமான பதில். 2008இன் ஏலச் சூழலில் அது ஓரளவு உண்மையாகவும் இருக்கலாம். ஆனால் ஒரகடத்தைச் சுற்றி வந்தால் வேறொன்று கண்ணில் படுகிறது. டைம்லரின் பாரத்பென்ஸ் லாரி ஆலை, ராயல் என்ஃபீல்டு, அப்போலோ டயர்ஸ், கொமாட்சு, மத்திய அரசின் வாகனப் பரிசோதனை ஆய்வு மையம் எல்லாம் பக்கத்துப் பக்கத்தில் இருக்கின்றன. ஒவ்வொன்றுக்கும் ஏதோ ஒரு சலுகை கிடைத்திருக்கும்தான். ஆனால் அவை அத்தனையையும் ஒரே இடத்தில் கூட்டியது சிப்காட்டின் நிலம், அகலப்படுத்திய சாலை, இரண்டு மணி நேரத் தொலைவில் துறைமுகங்கள், காலையில் ஆர்டர் சொன்னால் மாலையில் பாகம் கொண்டுவந்து இறக்கும் சப்ளையர்கள், ஆண்டுதோறும் பாலிடெக்னிக்கும் ஐ.டி.ஐ.யும் முடித்து வெளியே வரும் பையன்களும் பெண்களும். இவையும் அரசு ஆதரவுதான். சாலைக்குப் போட்ட பணத்தை எந்த நிறுவனமும் எடுத்துக்கொண்டு போக முடியாது. ஒருவர் போனால் அடுத்தவர் அதே சாலையில் வருவார்.

ஃபோர்டு அதற்குச் சாட்சி. பத்து ஆண்டுகளில் 200 கோடி டாலருக்கு மேல் நட்டம் என்று சொல்லி 2021 செப்டம்பரில் இந்தியாவில் கார் உற்பத்தியை நிறுத்தப்போவதாக அறிவித்தது. 2022 ஜூலையில் மறைமலை நகரிலிருந்து கடைசிக் கார் வெளியே வந்தது. எந்த வரிச்சலுகையும் அதைப் பிடித்து நிறுத்தவில்லை, நிறுத்தியிருக்கவும் முடியாது. ஆனால் ஆலையை விற்றுவிடாமல் வைத்திருந்த அதே ஃபோர்டு, 2025 அக்டோபரில் அங்கே ரூ.3,250 கோடியில் என்ஜின் தயாரிக்கத் தமிழ்நாட்டு அரசுடன் ஒப்பந்தம் செய்தது. திரும்பி வரச் செய்ததில் அரசின் பேச்சுவார்த்தைக்கும் பங்கு உண்டு. என்றாலும், என்ஜின் செய்யத் தெரிந்த ஆட்கள் இன்னும் அந்தச் சுற்றுவட்டாரத்திலேயே இருந்தார்கள் என்பதை நான் முதல் காரணமாக வைப்பேன்.

நிசான் வழக்கு நடந்துகொண்டிருந்தபோதே அதன் வேரில் இருந்த கணக்கு மாறிவிட்டது. 2017 ஜூலையில் ஜி.எஸ்.டி. வந்தது. பொருள் எங்கே செய்யப்படுகிறதோ அங்கே வரி என்ற ஏற்பாடு போய், எங்கே வாங்கப்படுகிறதோ அங்கே வரி என்றாயிற்று. நமது ஐந்து லட்ச ரூபாய்க் கார் புனேயில் விற்றால், 2 சதவீதமாவது வந்துகொண்டிருந்த இடத்தில் இப்போது தமிழ்நாட்டுக்கு ஒன்றுமில்லை. மாநிலப் பங்கு மகாராஷ்டிரத்துக்கு. உற்பத்தி செய்யும் மாநிலம் வரியைத் திருப்பித் தருவதாக ஆசை காட்டினால், திருப்பித் தர மாநிலத்துக்குள் விற்ற கார்களின் பங்கு மட்டும்தான் மிஞ்சும். அதனால் 2021ஆம் ஆண்டின் தமிழ்நாடு தொழிற்கொள்கை, மாநில ஜி.எஸ்.டி.யைத் திருப்பித் தருவதோடு, முதலீட்டின் அளவுக்கு ஏற்ற மூலதன மானியம், விற்றுமுதலுக்கு ஏற்ற மானியம் என்று வேறு வழிகளையும் வைத்தது. பெயர் மாறினாலும் இவையும் வருங்கால வரவுசெலவுத் திட்டங்களின் மேல் எழுதப்படும் காசோலைகளே. ஒரு வேறுபாடு உண்டு: ‘வந்த வரியைத்தானே கொடுக்கிறோம்’ என்ற சமாதானத்தை இனிச் சொல்ல முடியாது. மானியம் என்றால் மானியம் என்றே எழுத வேண்டும். எனக்கு அது முன்னேற்றமாகவே படுகிறது.

டெல்லியும் தன் பங்குக்குக் கதவுகளை இறுக்கிக்கொண்டது. பிற நாடுகளோடு இனிச் செய்யும் முதலீட்டு ஒப்பந்தங்களுக்கு வார்ப்பாக 2016இல் கொண்டுவந்த மாதிரி ஒப்பந்தத்தில், உள்ளாட்சி அமைப்புகளின் நடவடிக்கைகளுக்கும் வரி தொடர்பானவற்றுக்கும் ஒப்பந்தம் பொருந்தாது என்று எழுதிவைத்தார்கள்; நடுவர் மன்றத்துக்குப் போகுமுன் உள்நாட்டு நீதிமன்றங்களில் ஐந்து ஆண்டு முயல வேண்டும் என்றும் சேர்த்தார்கள். கவனிக்க வேண்டிய இடம் ஒன்று உண்டு. விலக்குப் பட்டியலில் ஊராட்சியும் நகராட்சியும் மாநகராட்சியும் இருக்கின்றன. மாநில அரசுகள் இல்லை. பெரிய வாக்குறுதிகளைத் தருவது மாநில அரசுகள்தான்.

தூத்துக்குடியில் வியட்நாமின் வின்ஃபாஸ்ட் மின்கார் ஆலை 2025 ஆகஸ்டில் திறந்துவிட்டது. பனப்பாக்கத்தில் டாடாவின் ரூ.9,000 கோடி ஆலைக்கு 2024 செப்டம்பரில் அடிக்கல் நாட்டினார்கள். முதலீட்டுத் தொகை, வேலை எண்ணிக்கை, கைகுலுக்கும் படம் எல்லாம் நாளிதழ்களில் வந்தன. எந்த ஆண்டில் எவ்வளவு தொகை யார் கையிலிருந்து போகும் என்ற அட்டவணையைத்தான் நான் தேடுகிறேன். ஓர் ஆலைக்கு மாநிலம் தர ஒப்புக்கொண்ட மொத்தத் தொகையை ஆண்டுவாரியாகப் பிரித்துச் சட்டமன்றத்தில் வைத்தால் நிறுவனத்தின் தொழில் ரகசியம் எதுவும் வெளியே போய்விடாது. 2008இல் அப்படி ஒரு தாள் எல்லோர் கண்ணிலும் பட்டிருந்தால், 2015இல் பணம் கொடுக்க வேண்டும் என்பது யாருக்கும் திடீர்ச் செய்தியாக இருந்திருக்காது.

ஒரகடத்தில் இப்போது என்ன நிலை? 2023 பிப்ரவரியில் இரு நிறுவனங்களும் ரூ.5,300 கோடி புதிய முதலீடு என்று அறிவித்து முதலமைச்சர் மு.க. ஸ்டாலின் முன்னிலையில் மீண்டும் ஓர் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டன. அதற்குள், மலிவு விலைக் கார்களுக்கு வைத்திருந்த டட்சன் என்ற பெயரையே நிசான் நிறுத்தியிருந்தது. ஆண்டுக்கு 4 லட்சம் கார் செய்யக் கட்டிய ஆலை, அண்மைய ஆண்டுகளில் அதில் பாதியை எட்டவே திணறியது. 2025 மார்ச் இறுதியில் நிசான் தன் 51 சதவீதப் பங்கை ரெனோவுக்கு விற்க ஒப்புக்கொண்டது. ஆகஸ்டில் கைமாற்றம் முடிந்தது. பாக்கி கேட்டு நாட்டையே வழக்கில் நிறுத்திய நிறுவனம் இன்று அந்த ஆலையில் பங்குதாரர் இல்லை. தன் மேக்னைட் கார்களை ரெனோவிடம் செய்து வாங்கிக்கொள்கிறது. அவை அதே டிரெய்லர் லாரிகளில், அதே ஒரகடம் சந்திப்பில் திரும்ப இடம் தேடி நிற்கின்றன.